அட்டவணைக்கு அஞ்சியவர்கள்

1954 ஜனவரி 4, திங்கட்கிழமை. அமெரிக்காவில் 400க்கும் மேற்பட்ட செய்தித்தாள்களில் ஒரு முழுப்பக்க விளம்பரம் வந்தது. கொடுத்தவர்கள் சிகரெட் கம்பெனிக்காரர்கள். ஆனால் அதில் சிகரெட் படம் இல்லை, புகைவிட்டுச் சிரிக்கும் நடிகை இல்லை, விலை இல்லை. முழுக்க எழுத்து. எலிகளை வைத்து நடத்திய சில சோதனைகள் பற்றிப் பேச்சு அடிபடுகிறது, அவற்றை நாங்கள் அலட்சியப்படுத்தவில்லை. மக்களின் உடல்நலம்தான் எங்களுக்கு எல்லாவற்றுக்கும் மேல். சுகாதாரத்தைக் காப்பவர்களோடு ஒத்துழைப்போம், ஆராய்ச்சிக்குப் பணம் கொடுப்போம், அப்பழுக்கற்ற பெயருள்ள விஞ்ஞானி ஒருவரைப் பொறுப்பில் வைப்போம். இதுதான் சாரம். அடியில் கம்பெனித் தலைவர்களின் பெயர்களும், அவர்கள் புதிதாகத் தொடங்கிய புகையிலைத் தொழில் ஆராய்ச்சிக் குழுவின் முகவரியும் இருந்தன: எம்பயர் ஸ்டேட் கட்டிடம், நியூயார்க்.

அந்த முகவரியை எத்தனை வாசகர்கள் கவனித்திருப்பார்கள் என்று நான் யோசிப்பதுண்டு. ஹில் அண்ட் நோல்டன் என்ற மக்கள் தொடர்பு நிறுவனமும் அதே கட்டிடத்தில்தான் இருந்தது. இப்படி ஒரு குழு அமைக்கலாம் என்று யோசனை சொன்னது அந்த நிறுவனம். அறிக்கையை உருவாக்கியதும், குழுவின் ஆரம்பகால வேலைகளைக் கவனித்துக்கொண்டதும் அதுவே.

நான் டாக்டர் இல்லை, வக்கீலும் இல்லை. சென்னையில் ஒரு மருத்துவக் கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். புத்தகம் வந்தால் அக்செஷன் ரிஜிஸ்டரில் ஏற்றுவது, நம்பரிங் மெஷினால் எண் குத்துவது, கார்டு எழுதி இழுப்பறையில் அடுக்குவது, ஜர்னல்களை வருஷவாரியாக பைண்டிங்குக்கு அனுப்புவது. இவைதான் என் தொழில். புகையிலைக் கம்பெனிகளின் கதையைப் பலர் எழுதிவிட்டார்கள். திருடன், போலீஸ், வழக்கு, தீர்ப்பு என்று அது சினிமாவாகவே வந்துவிட்டது. என் தொழில் கண்ணோடு பார்க்கும்போது அது வேறு மாதிரித் தெரிகிறது. இந்தக் கதையில் ஜெயித்தது அட்டவணை. தோற்றவர்கள் கடைசிவரை பயந்ததும் அட்டவணைக்குத்தான்.

முதலில் 1953 டிசம்பரைப் பார்க்க வேண்டும். நுரையீரல் புற்றுநோய்க்கும் சிகரெட்டுக்கும் உள்ள தொடர்பை அமெரிக்காவில் விண்டரும் கிரகாமும், இங்கிலாந்தில் டாலும் ஹில்லும் 1950லேயே எண்ணிக்கை போட்டுக் காட்டியிருந்தார்கள். அதை டாக்டர்கள் படித்தார்கள், ஜனங்கள் படிக்கவில்லை. 1952 டிசம்பரில் ரீடர்ஸ் டைஜஸ்ட் அதை எளிய நடையில் எழுதியதும் வீட்டுக்கு வீடு பேச்சானது. அடுத்த டிசம்பரில், சிகரெட் தாரை எலிகளின் முதுகில் தடவிப் புற்று வரவைத்த ஆய்வு வெளியானது. கம்பெனிப் பங்குகள் சரிந்தன.

அந்த மாத நடுவில் நியூயார்க் பிளாசா ஹோட்டலில் போட்டிக் கம்பெனித் தலைவர்கள் ஒன்றாக உட்கார்ந்தார்கள். கூட்டியவர் அமெரிக்கன் டொபாக்கோ தலைவர் பால் ஹான். பெரிய கம்பெனிகளில் லிகெட் அண்ட் மயர்ஸ் மட்டும் வரவில்லை. ஆலோசனை சொல்ல அழைக்கப்பட்டவர் ஹில் அண்ட் நோல்டனின் ஜான் ஹில். உடம்புக்கு ஆகவில்லை என்று சிகரெட்டை எப்போதோ விட்டுவிட்ட மனிதர் அவர். வந்தவர்களில் சிலர் எதிர் விளம்பரம் போட்டு மறுத்துவிடலாம் என்று நினைத்தார்கள். ஹில் அந்த வழியே வேண்டாம் என்றார். மறுத்தால் வியாபாரி மறுக்கிறான் என்று போய்விடும். இன்னும் ஆராய்ச்சி தேவை என்றால் அது விஞ்ஞானியின் குரலாகக் கேட்கும். ஆராய்ச்சிக்கு முடிவும் கிடையாது.

குழுவின் அறிவியல் இயக்குநராக வந்தவர் கிளாரன்ஸ் குக் லிட்டில். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் முன்னாள் தலைவர், பேர்போன எலி மரபியல் ஆய்வகம் ஒன்றை நிறுவியவர், அமெரிக்காவின் புற்றுநோய்க் கட்டுப்பாட்டுச் சங்கத்தையே வருடக்கணக்கில் நடத்தியவர். இப்படிப்பட்டவர் எழுந்து நின்று இன்னும் நிரூபணம் ஆகவில்லை என்றால் யார்தான் சந்தேகப்படுவார்கள்? 1964இல் அரசின் தலைமை மருத்துவர் லூதர் டெர்ரி சிகரெட் புற்றுநோய் உண்டாக்குகிறது என்று அறிவித்த அதே வருடம், குழு தன் பெயரைப் புகையிலை ஆராய்ச்சிக் கவுன்சில் என்று மாற்றிக்கொண்டது. வேலை மாறவில்லை. அது கலைக்கப்படும்வரை ஆராய்ச்சிக்கென்று கொடுத்த தொகை 25 கோடி டாலருக்கும் அதிகம். அதில் பெரும்பகுதி நல்ல ஆராய்ச்சிக்கே போனது. மரபணு, வைரஸ், மன அழுத்தம் என்று சிகரெட்டைத் தவிர எல்லாவற்றையும் தேடுகிற ஆராய்ச்சி.

பத்திரிகைகள் ஏன் தோண்டவில்லை என்று கேட்கலாம். ஒருவர் தோண்டினார். ஜார்ஜ் செல்டஸ் என்ற பத்திரிகையாளர் 1940 முதல் 1950 வரை விளம்பரமே வாங்காமல் தனியாக ஒரு சிறு வாரப் பத்திரிகை நடத்தினார். புகைப்பவர்களின் ஆயுள் குறைகிறது என்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ரேமண்ட் பேர்ல் 1938இல் சொன்னதைப் பெரிய நாளிதழ்கள் எப்படி விழுங்கின என்று அவர் திரும்பத் திரும்ப எழுதினார். சிகரெட் விளம்பரத்தில் ஓடிய பத்திரிகைகள் அவரைக் கண்டுகொள்ளவில்லை. ஒரு மனிதர் எவ்வளவுதான் தேடி எடுப்பார்? அவர் கையில் கம்பெனியின் உள்கடிதம் எதுவும் இல்லை. வெளியே தெரிந்ததை வைத்துத்தான் எழுத முடிந்தது.

மக்கள் தொடர்பு வேலையின் சாமர்த்தியம் சிதறலில் இருக்கிறது. கல்யாண மொய் நோட்டில் ஒரு வரியை மட்டும் படித்தால் யாரோ ஒருவர் 101 ரூபாய் எழுதினார் என்பதற்கு மேல் எதுவும் தெரியாது. நோட்டை முழுக்கப் புரட்டினால்தான் யார் யாருக்குக் கடமைப்பட்டவர் என்று புரியும். பிரசாரமும் அப்படி. ஒரு பேராசிரியரின் கட்டுரை, ஒரு விவசாயிகள் சங்கத்தின் மனு, உணவக உரிமையாளர்களின் ஒரு அறிக்கை, ஒரு கருத்தரங்கு. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் நியாயமானது.

இதை நான் என் மேசையிலேயே பார்த்தேன். தொண்ணூறுகளின் நடுவில் நெஞ்சக நோய்த் துறையின் பட்ட மேற்படிப்பு மாணவர் ஒருவர் இரண்டு மறுஆய்வுக் கட்டுரைகளைக் கொண்டுவந்து வைத்தார். பிறர் விடும் புகையை மூச்சில் இழுப்பவருக்குத் தீங்கு உண்டு என்று ஒன்று சொன்னது, சொல்லிக்கொள்ளும்படி இல்லை என்றது மற்றது.

“மேடம், ரெண்டுமே ஜர்னல்ல வந்ததுதான். எதை நான் கோட் பண்றது?”

“கட்டுரையோட கடைசில யார் பணம் கொடுத்தாங்கன்னு போட்டிருக்கா, பாருங்க டாக்டர்.”

“ஒண்ணுல போட்டிருக்கு. இன்னொண்ணுல ஒண்ணுமே இல்லை மேடம்.”

அந்தக் கேள்விக்குப் பதில் 1998 மே மாத ஜாமா மருத்துவ இதழில் வந்தது. எங்களுக்குக் கப்பல் தபாலில்தான் வரும். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டெபோரா பார்ன்ஸும் லிசா பெரோவும் இப்படிப்பட்ட 106 மறுஆய்வுக் கட்டுரைகளைச் சேகரித்து வரிசைப்படுத்தினார்கள். 39 கட்டுரைகள் தீங்கில்லை என்றன. அந்த 39இல் 29ஐ எழுதியவர்களுக்குப் புகையிலைத் தொழிலோடு தொடர்பு இருந்தது. கட்டுரையின் தரம், வெளியான வருடம் என்று வேறு காரணங்களையும் வைத்துப் பார்த்தார்கள். முடிவைத் தீர்மானித்தது எழுதியவரின் தொடர்புதான். எழுதியவரின் பெயருக்கு எதிரே பணம் கொடுத்தவரின் பெயரை எழுதிப் பார்த்ததைத் தவிர அவர்கள் எந்த மந்திரமும் செய்யவில்லை. எந்த நூலக உதவியாளரும் செய்யக்கூடிய வேலை. ஆனால் அந்தத் தொடர்பு எங்கே எழுதியிருக்கிறது என்று தெரிய வேண்டுமே. அதற்குக் கம்பெனியின் உள்ளே இருந்த காகிதம் வெளியே வர வேண்டியிருந்தது.

அது ஏற்கெனவே வரத் தொடங்கியிருந்தது. கொண்டுவந்தவர் மெரில் வில்லியம்ஸ். நாடகத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். வேறு வேலை அமையாமல் கென்டக்கி மாநிலம் லூயிவில்லில் பிரௌன் அண்ட் வில்லியம்சன் சிகரெட் கம்பெனியின் வக்கீல் அலுவலகத்தில் 1988இல் உதவியாளராகச் சேர்ந்தார். வழக்கு வந்தால் எடுக்க வசதியாகக் கம்பெனியின் பழைய காகிதங்களைப் படித்து, எது எதைப் பற்றியது என்று குறியீடு போட்டு வகைப்படுத்துவது அவருக்குக் கொடுத்த வேலை. அதாவது அவர் ஒரு கேட்லாகர். நிகோடின் அடிமைப்படுத்தும் என்று கம்பெனியின் விஞ்ஞானிகளே அறுபதுகளில் எழுதி வைத்ததைப் படித்துப் படித்து அட்டையில் குறித்த மனிதர். சட்டைக்குள் ஒளித்து எடுத்துப் போய் நகல் எடுத்தார். அவரே சிகரெட் பிடிப்பவர். 1993இல் இதய அறுவை சிகிச்சை நடந்தது.

1994 ஏப்ரல் 14 அன்று ஏழு கம்பெனித் தலைவர்கள் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் வரிசையாக நின்று கையை உயர்த்திச் சத்தியம் செய்தார்கள். நிகோடின் அடிமைப்படுத்தும் என்று தாங்கள் நம்பவில்லை என்றார்கள். அடுத்த மாதம் 12ஆம் தேதி சான்பிரான்சிஸ்கோவில் பேராசிரியர் ஸ்டான்டன் கிளான்ட்ஸின் அறைக்கு ஒரு பெட்டி வந்தது. அனுப்புநர் இடத்தில் மிஸ்டர் பட்ஸ் என்று இருந்தது. அது ஒரு பத்திரிகைச் சித்திரத் தொடரில் வரும் பேசும் சிகரெட்டின் பெயர். உள்ளே மெரில் வில்லியம்ஸ் நகலெடுத்த காகிதங்கள், சுமார் 4,000 பக்கங்கள்.

இந்த இடத்தில் கிளான்ட்ஸ் செய்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. பெட்டியைத் தன் அறையிலேயே பூட்டி வைக்காமல் பல்கலைக்கழக நூலகத்தின் ஆவணக் காப்பகத்தில் சேர்த்தார். சேர்த்த நிமிடத்திலிருந்து அது யாரும் வந்து கேட்கக்கூடிய பொருளாகிவிட்டது. வாசகர்கள் வந்தார்கள். அவர்களோடு பிரௌன் அண்ட் வில்லியம்சன் அனுப்பிய தனியார் துப்பறிவாளர்களும் வந்து நூலகத்தைக் கண்காணித்தார்கள். 1995 பிப்ரவரியில் காகிதங்கள் திருட்டுப் பொருள், திருப்பிக் கொடுங்கள், யார் யார் படித்தார்கள் என்ற பட்டியலையும் கொடுங்கள் என்று கம்பெனி வழக்குப் போட்டது. பல்கலைக்கழகம் பணியவில்லை. மாநில உச்ச நீதிமன்றம் ஜூன் கடைசியில் கம்பெனியின் கோரிக்கையைத் தள்ளியதும் உடனடியாகப் பக்கங்கள் இணையத்தில் ஏறின. ஜூலையில் ஜாமா இதழ் அவற்றை வைத்து எழுதிய கட்டுரைகளை ஒரே இதழில் வெளியிட்டது.

வாசகர் பட்டியலைக் கேட்டார்கள் என்பதைப் படித்தபோது எனக்கு உடம்பு கொதித்தது. யார் எந்தப் புத்தகத்தை எடுத்தார் என்பதை வெளியே சொல்லக் கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் ஒழுக்கம்.

பெட்டி சிறியது. மினசோட்டா பெரியது. அந்த மாநில அரசும் ஒரு மருத்துவக் காப்பீட்டு நிறுவனமும் சேர்ந்து 1994 ஆகஸ்டில் பெரிய சிகரெட் கம்பெனிகள் மீது வழக்குத் தொடுத்தன. காகிதங்களைக் கொடுங்கள் என்று கேட்டதும் கம்பெனிகள் பழைய தந்திரத்தைச் செய்தன. கொடுத்தார்கள், லாரி லாரியாகக் கொடுத்தார்கள். கடைசியில் சேர்ந்தது 3 கோடிப் பக்கங்களுக்கு மேல். அதில் ஹோட்டல் பில்லும் இருக்கும், ஆண்டு விழா அழைப்பிதழும் இருக்கும், ஒரு நாட்டின் சட்டத்தை மாற்றிய கடிதமும் இருக்கும். அடுக்கு இல்லாமல் கொட்டிய காகிதம் பூட்டி வைத்த காகிதத்தைவிட நன்றாக ரகசியம் காக்கும்.

மாநிலத்தின் வக்கீல்கள் அதைப் புரிந்துகொண்டார்கள். கம்பெனிகள் தங்கள் சொந்த வக்கீல்களுக்காகத் தயாரித்து வைத்திருந்த கணினி அட்டவணைகளைக் கேட்டார்கள். எந்தத் தேதி, யார் எழுதியது, யாருக்கு எழுதியது, எதைப் பற்றி என்ற அந்தப் பட்டியல்கள். மெரில் வில்லியம்ஸ் போன்றவர்கள் சம்பளத்துக்குச் செய்த அதே மாதிரியான வேலை. நீதிபதி கென்னத் ஃபிட்ஸ்பாட்ரிக் கொடுக்கச் சொல்லி உத்தரவிட்டார். காகிதத்தை லாரியில் அனுப்பியவர்கள் அட்டவணைக்காக மேல் நீதிமன்றம் மேல் நீதிமன்றமாக ஏறினார்கள். எங்கும் எடுபடவில்லை.

அதன்பின் வக்கீல்–கட்சிக்காரர் ரகசியம் என்று சொல்லி ஒதுக்கி வைத்திருந்த 39,000 ஆவணங்களின் முறை. மோசடியை மறைக்க அந்த உரிமையைப் பயன்படுத்த முடியாது என்றார் ஃபிட்ஸ்பாட்ரிக். 1998 ஏப்ரலில் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் தடை கொடுக்க மறுத்தது. அவற்றை அதே மாதம் இணையத்தில் போட்டவர் தாமஸ் பிளைலி. பிலிப் மாரிஸின் பெரிய சிகரெட் தொழிற்சாலை உள்ள ரிச்மண்ட் பகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர், அந்தத் தொழிலின் பழைய நண்பர். அரசியல் காற்று எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

மே 8ஆம் தேதி கம்பெனிகள் 600 கோடி டாலருக்கு மேல் கொடுக்கச் சம்மதித்து சமரசம் செய்துகொண்டன. அந்தப் பணத்தைவிட நீண்ட நாள் நிலைத்தது ஒப்பந்தத்தின் இன்னொரு பகுதி. மினியாபொலிஸில் ஒன்று, இங்கிலாந்தில் கில்ஃபோர்டில் ஒன்று என இரண்டு ஆவணக் கிடங்குகளைப் பத்து ஆண்டுகளுக்குப் பொதுமக்களுக்குத் திறந்து வைக்க வேண்டும். அதே ஆண்டு நவம்பரில் 46 மாநிலங்களோடு செய்த பெரிய ஒப்பந்தம், கம்பெனிகள் தங்கள் ஆவணங்களை இணையத்திலும் வைக்க வேண்டும் என்றது.

கில்ஃபோர்டு கிடங்கை நடத்தியது பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனியே. உலகின் பல நாடுகளில் வியாபாரம் செய்த கம்பெனி அது, இந்தியாவின் ஐடிசியில் இன்றும் பங்கு வைத்திருப்பது. உள்ளே பல லட்சம் பக்கங்கள். ஒரு நேரத்தில் ஒரு அமைப்பிலிருந்து மட்டும், அதிகபட்சம் ஆறு பேர் வர முடிந்தது. கோப்பின் தலைப்பை வைத்துத் தேட முடிந்தது, உள்ளே இருப்பதை வைத்துத் தேட முடியவில்லை. நகல் கேட்டால் கைக்கு வர மாதக்கணக்கில் ஆனது. என் மாதிரி ஆள் இதைப் படித்தாலே தெரிந்துகொள்வாள், இது வாசகரை வரவிடாமல் செய்ய வடிவமைத்த நூலகம். வந்தவர்கள் என்ன செய்கிறார்கள், எதைத் தேடுகிறார்கள் என்று கம்பெனி கண்காணித்ததை மோனிக் மக்லியும் உடன் எழுதியவர்களும் 2004இல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். அதற்கு அவர்கள் ஆதாரமாகக் காட்டியதும் கம்பெனியின் காகிதங்களையே.

இதற்கு எதிராகச் செய்ததுதான் கூட்டு வேலை. லண்டன் சுகாதாரப் பள்ளி, அமெரிக்காவின் மேயோ கிளினிக், சான்பிரான்சிஸ்கோவின் கலிபோர்னியா பல்கலைக்கழகம் மூன்றும் சேர்ந்தன. வெல்கம் அறக்கட்டளை, பிரிட்டிஷ் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, கனடா சுகாதாரத் துறை போன்றவை பணம் கொடுத்தன. கில்ஃபோர்டு காகிதங்களை மொத்தமாக நகல் வாங்கி, வருடி, தலைப்பிட்டு, உள்ளடக்கத்தைத் தேடும்படி செய்தார்கள். அதற்கு முன்பே 2001இல் கிடைத்த 1.5 கோடி டாலர் நன்கொடையைக் கொண்டு, கம்பெனித் தளங்களில் சிதறிக் கிடந்தவற்றைச் சான்பிரான்சிஸ்கோ நூலகம் ஒரே இடத்தில் சேர்த்திருந்தது. 2002 ஜனவரியில் அது திறந்தது. இன்று அங்கே 1.4 கோடிக்கும் அதிகமான ஆவணங்கள் இருக்கின்றன. சென்னையில் வீட்டில் உட்கார்ந்து நான் படிப்பது அதைத்தான்.

படிப்பது சுலபம் என்று நினைக்காதீர்கள். பெயர்கள் தப்பும் தவறுமாக இருக்கும். திட்டங்களுக்குச் சங்கேதப் பெயர். ஃபேக்ஸ் தாளில் பாதி எழுத்து மங்கியிருக்கும். ஓரத்தில் யாரோ கையால் கிறுக்கிய இரண்டு சொற்களில்தான் விஷயமே இருக்கும். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு எண் உண்டு, பேட்ஸ் எண் என்பார்கள். நாங்கள் அக்செஷன் எண் குத்திய அதே மாதிரி முத்திரை மெஷின், கண்டுபிடித்தவர் பெயரால் வழங்குகிறது. வழக்குக்காகக் கம்பெனிகளே குத்திய எண். ஒரு ஆய்வாளர் அந்த எண்ணை எழுதினால் உலகின் எந்த மூலையிலிருந்தும் இன்னொருவர் அதே பக்கத்தைத் திறந்து, அவர் சொன்னது சரியா என்று பார்க்கலாம். நம்பச் சொல்ல வேண்டியதில்லை, எண்ணைச் சொன்னால் போதும்.

எண் இருந்ததால்தான் ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் தொடர முடிந்தது. கொலராடோவில் நுரையீரல் சங்கத்தில் வேலை பார்த்த ஆன் லேண்ட்மன், தினம் ஒரு ஆவணமாகத் தேர்ந்து சுருக்கம் எழுதிப் பலருக்கும் அனுப்பி வந்தார். பேராசிரியர்கள், செவிலியர்கள், மாணவர்கள், பத்திரிகையாளர்கள் என்று பலரும் ஆளுக்கொரு நாடு, ஆளுக்கொரு சங்கேதப் பெயர் என்று பிரித்துக்கொண்டு தேடினார்கள்.

ஒரு உதாரணம். 1981இல் ஜப்பானின் தகேஷி ஹிரயாமா, புகைக்காத 91,540 மனைவியரைத் தொடர்ந்து கவனித்து, கணவன் புகைத்தால் மனைவிக்கு நுரையீரல் புற்று அதிகம் என்று பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். அவர் கணக்கில் பிழை என்று அமெரிக்கப் புகையிலைத் தொழிலின் சங்கம் பத்திரிகைகளில் விளம்பரப்படுத்தியது. ஹிரயாமா சொன்னது சரிதான் என்று தொழிலின் சொந்த ஆலோசகர்கள் கருதியதாக எழுதிய உள்குறிப்பு ஒன்று பிற்பாடு கிடைத்தது. விளம்பரத்தையும் குறிப்பையும் அருகருகே வைத்தபோது வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

இன்னொன்று பெரியது. உலக சுகாதார நிறுவனம் தன்னையே இந்தக் காகிதங்களில் தேடிப் பார்க்க ஒரு குழு அமைத்தது. சுவிட்சர்லாந்தின் தாமஸ் செல்ட்னர் தலைமையில் அது 2000ஆம் ஆண்டு அறிக்கை கொடுத்தது. ஏழை நாட்டு விவசாயிகளின் குரல் என்று மேடைக்கு வந்த சர்வதேசப் புகையிலை விவசாயிகள் சங்கத்தின் பின்னால் கம்பெனிகளின் பணம் இருந்தது. மற்ற ஐ.நா. அமைப்புகளைச் சுகாதார நிறுவனத்துக்கு எதிராகத் திருப்பும் முயற்சியும் நடந்திருந்தது. 2003இல் உலக நாடுகள் ஏற்ற புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையில் 5.3 என்ற பிரிவு, கொள்கை வகுப்பதில் தொழிலின் தலையீட்டைத் தடுக்க வேண்டும் என்கிறது. காகிதங்கள் வெளிவராமல் இருந்திருந்தால் அப்படி ஒரு வாசகத்தை எழுதத் துணிவு வந்திருக்காது என்பது என் எண்ணம்.

2006 ஆகஸ்டில் நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர் 1,600க்கும் அதிகமான பக்கங்களில் தீர்ப்பு எழுதினார். ஐம்பது ஆண்டுகளாகக் கம்பெனிகள் கூடிச் சதி செய்து மக்களை ஏமாற்றின என்று ஆவணம் ஆவணமாக எண்ணோடு காட்டினார். உண்மையைச் சொல்லித் திருத்த அறிக்கை வெளியிடுங்கள் என்றார். ஒரு சொல்லுக்கு ஒரு சொல் வழக்காடி, பதினோரு வருடம் கழித்து 2017 நவம்பரில்தான் அது அமெரிக்கச் செய்தித்தாள்களில் வந்தது. முந்தையதைப் போலவே படமில்லாத முழுப்பக்க விளம்பரங்கள். இந்தத் தடவை எழுதிக் கொடுத்தது நீதிமன்றம்.

இதெல்லாம் அமெரிக்கக் கதை என்று மூடி வைத்துவிடலாம் என்றால் 2015 மார்ச் குறுக்கே நிற்கிறது. இந்தியாவில் சிகரெட், பீடிப் பெட்டியில் 85 சதவீத இடத்தில் எச்சரிக்கைப் படம் ஏப்ரல் 1 முதல் வர வேண்டியிருந்தது. அதை ஆராய்ந்த நாடாளுமன்றக் குழு தள்ளிப்போடச் சொன்னது. புகையிலைக்கும் புற்றுநோய்க்கும் தொடர்பு சொல்வதெல்லாம் வெளிநாட்டு ஆய்வுகள், இந்திய ஆய்வு இல்லை என்று குழுத் தலைவர் திலீப் காந்தி பேசினார். குழுவில் பீடிக் கம்பெனி வைத்திருந்த ஒரு உறுப்பினரும் இருந்தார். படம் வர ஒரு வருடம் தாமதமானது. இன்னும் ஆராய்ச்சி தேவை என்று பிளாசா ஹோட்டலில் பிறந்த வாக்கியம் 60 வருடம் கழித்து டெல்லியில் வேலை செய்தது.

இந்திய ஆய்வு இல்லையா? என் இழுப்பறையிலிருந்து மூன்று கார்டுகளை எடுக்கிறேன். ஒன்று, 1933 லான்செட். நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த டாக்டர் ஓர், வெற்றிலையோடு புகையிலை மெல்லுகிறவர்களின் வாய்ப்புற்று பற்றி எழுதியது. நெய்யூர் அன்று திருவிதாங்கூர், இன்று கன்னியாகுமரி மாவட்டம். இரண்டு, 1955 பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல். பம்பாயில் சங்வி, ராவ், கானோல்கர் மூவரும் புகைப்பதையும் மெல்லுவதையும் வாய், தொண்டைப் புற்றோடு சேர்த்து ஆராய்ந்தது. மூன்று, 2003 ஆகஸ்ட் லான்செட். சென்னையின் வெ. கஜலட்சுமியும் ஆக்ஸ்போர்டின் ரிச்சர்ட் பீட்டோவும் உடன் இருந்தவர்களும் செய்தது. சென்னையிலும் விழுப்புரம் மாவட்டத்திலும் இறந்துபோன 43,000 ஆண்களின் வீடுகளுக்குக் களப்பணியாளர்கள் போய், எப்படி இறந்தார், பீடி சிகரெட் உண்டா என்று கேட்டு எழுதினார்கள். உயிரோடு இருந்த 35,000 ஆண்களோடு ஒப்பிட்டார்கள். காசநோயில் சாவது புகைப்பவர்களிடம் நான்கு மடங்குக்கு மேல் இருந்தது. புற்றுநோய்க்கும் மாரடைப்புக்கும் அப்பால் நம் ஊரில் மிகுந்த ஒரு சாவுக் காரணத்தை நம் ஊர் ஆய்வு கண்டுபிடித்திருந்தது. டெல்லியில் ஆய்வே இல்லை என்று பேசியபோது அது வெளியாகி 11 வருடம் கடந்திருந்தது.

அந்த மூன்று கார்டும் ரகசியமில்லை. எந்த மருத்துவ நூலகத்திலும் இருப்பவை. இந்திய ஆய்வு இல்லை என்ற வாக்கியம் வெளிவந்த நேரத்தில் குழுவின் மேசையில் அவற்றை வரிசையாக வைக்க ஆள் இல்லை. வாக்கியத்தைக் கொண்டுவந்தவர்களுக்கு ஆளும் நேரமும் பணமும் இருந்தன.

மக்கள் தொடர்பு ஆட்களை நான் வெறுக்கவில்லை. ஒரு தொழில் தன் தரப்பைச் சொல்ல உரிமை உண்டு. யார் சொல்கிறார் என்பதை மறைத்துச் சொல்லத்தான் உரிமை இல்லை. இன்று சான்பிரான்சிஸ்கோ நூலகம் மருந்து, சர்க்கரை, ரசாயனம், பெட்ரோல் தொழில்களின் காகிதங்களையும் இதே முறையில் அடுக்குகிறது. வலிமாத்திரை வழக்குகளில் வெளிவந்தவற்றை 2021 முதல் ஜான்ஸ் ஹாப்கின்ஸோடு சேர்ந்து வெளியிடுகிறது. இந்தியாவைப் பற்றி அங்கே நான் படித்தவை எல்லாம் வேறு நாட்டு நீதிமன்றம் நமக்குத் திறந்து கொடுத்தவை. நம் சுகாதார அமைச்சகம் 2020இல் 5.3 பிரிவின்படி தன் அதிகாரிகளுக்கு ஒரு நடத்தை விதி வகுத்தது. அது அந்த அமைச்சகத்தோடு நின்றுவிடுகிறது. வரி போடுவது நிதித்துறை, புகையிலை வாரியத்தை நடத்துவது வணிகத்துறை.

எனக்கு வேண்டியது பெரிய சட்டம் இல்லை, ஒரு பதிவேடு. எந்த அதிகாரியை, எந்தக் கம்பெனியின் அல்லது சங்கத்தின் ஆள், எந்தத் தேதியில், எதற்காகப் பார்த்தார், என்ன காகிதம் கொடுத்தார். எல்லாத் துறைக்கும் ஒரே வடிவம், ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு எண், தகவல் உரிமை மனு போடாமலே பார்க்கும் வசதி. அதைக் கொடுத்தால் போதும். கில்ஃபோர்டில் ஆறு ஆறு பேராக வரிசையில் நின்று படித்தவர்களைப் போன்ற பொறுமைசாலிகள் நம் ஊரிலும் இருக்கிறார்கள், மிச்ச வேலையை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.